மைக்கேல் கழற்றி வைத்த உத்தரியம்

அத்தியாயம் 6

மாணிக்கவாசகத்துக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். கோல் மார்க்கெட்டில் சைக்கிள் கடைக்கு மேலே அவர் நடத்தி வந்த துப்பறியும் நிலையத்தின் ஒரே உதவியாளர் ஃபாத்திமாவுக்கு அது நன்றாகத் தெரியும். ஆகவே அன்று காலை கம்பெனி வக்கீலின் பதிலைப் படித்துவிட்டு அவர், "வண்டியை எடும்மா" என்று கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறவர் போலச் சொன்னதும், பாதி தின்ற சமோசாவைக் காகிதத்தில் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"என்ன சார் எழுதியிருக்கான் அந்த வக்கீல்?"

"மைக்கேல் வேலை செய்யற இடத்துல சாகலையாம். ரயில் பாதையைத் தாண்டும்போது தன்னோட கவனக்குறைவால சறுக்கி விழுந்தானாம். அதனால கம்பெனிக்குப் பொறுப்பு இல்லையாம்."

"அச்சா! தலையில இரும்பு விழுந்ததும் அவன் கவனக்குறைவுதானா? இனிமே கொத்தனாரெல்லாம் வானத்தைப் பார்த்துட்டே செங்கல் தூக்கணும்போல!"

மாணிக்கவாசகம் சிரிக்கவில்லை. நெற்றியில் விபூதி வேர்வையில் கரைந்துகொண்டிருந்தது. மே மாதத்துத் தில்லி. காலை ஒன்பது மணிக்கே காற்று அடுப்பங்கரையிலிருந்து வருவது போல வந்தது.

விஷயம் இதுதான். விழுப்புரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த மைக்கேல், ஆசிய விளையாட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்காக அவசர அவசரமாக எழும்பிக்கொண்டிருந்த ஓர் ஓட்டல் கட்டடத்தில் வேலை செய்தான். மேல் மாடியில் கான்கிரீட் பலகையைத் தாங்கும் இரும்பு சென்ட்ரிங் முட்டு ஒன்று கழன்று அவன் தலையில் விழுந்தது. தையல் போட்டார்கள். காயம் ஆறிவிட்டது என்று கம்பெனி டாக்டர் சொல்லி, தலைவலி மாத்திரை கொடுத்து அனுப்பினார். தோல் ஆறியது. உள்ளே ஆறவில்லை. ஒன்றரை மாதம் கழித்து ரயில் பாதையில் செத்துக் கிடந்தான்.

அவன் மனைவி பிலோமி, மாணிக்கவாசகத்தின் கட்டடத்தில் மாடிப்படி பெருக்குகிறவள். ஒருநாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "ஐயா, நீங்க காணாமப் போனதையெல்லாம் கண்டுபுடிக்கிறீங்களாமே. நியாயம் காணாமப் போனாக் கண்டுபுடிப்பீங்களா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பிறகு மாணிக்கவாசகம் வேறு எந்த வேலையையும் எடுத்துக்கொள்ளவில்லை. வக்கீலின் பதில் வந்த அன்றே மத்தியானம் மூன்று மணிக்கு, தொழிலாளர் நஷ்ட ஈட்டுக் கமிஷனர் முன்னால் கடைசி விசாரணை.

ஃபாத்திமாவின் லூனா மொபெட் இரண்டு பேரைச் சுமந்துகொண்டு முனகியபடி ஜங்புரா ரயில் பாதையோரக் குடிசைகளை அடைந்தது.

பிலோமியின் குடிசையில் நுழையக் குனிய வேண்டும். உள்ளே ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, சுவரில் வேளாங்கண்ணி மாதா படம். மூலையில் ஏழு வயதுப் பெண் ஒருத்தி பாவாடையைப் போர்த்திக்கொண்டு தூங்கினாள். மாதா படம் மாட்டியிருந்த ஆணியிலேயே பழுப்பு நிறக் கயிறு ஒன்று தொங்கியது. கயிற்றின் இரண்டு முனையிலும் தபால் தலை அளவுக்குச் சின்னத் துணிச் சதுரம்.

"இது என்ன அக்கா, தாயத்தா?" என்று கையை நீட்டினாள் ஃபாத்திமா.

"தாயத்து இல்லம்மா, உத்தரியம். அவருது. சின்ன வயசுல புதுநன்மை, அதான் மொத மொதல்ல நற்கருணை வாங்கின அன்னிக்குச் சாமியாரு கழுத்துல போட்டது. இதைப் போட்டுகிட்டுச் செத்தா நரகத்து நெருப்பு தொடாதுன்னு மாதா வாக்குக் குடுத்திருக்காங்க."

"குளிக்கறப்போ கழட்டுவாரா?" என்றார் மாணிக்கவாசகம்.

"குளிக்கையிலயும் கழட்டமாட்டாரு. துணி நைஞ்சு போனா, புதுசைப் போட்டுகிட்டுத்தான் பழசை எடுப்பாரு."

"ஆஸ்பத்திரியில தலையில தையல் போட்டாங்களே, அப்போ?"

"அப்பவும் விடல. நர்சம்மா கத்திச்சு. இவரு கையால பொத்திக்கிட்டாரு."

மாணிக்கவாசகம் கயிற்றை விரலால் தொட்டுப் பார்த்தார். அறவில்லை. முடிச்சும் அவிழவில்லை. தலை வழியாக நிதானமாக எடுத்து, ஆணியில் ஒழுங்காக மாட்டியிருந்தது.

"பிலோமி," என்றார், குரல் இன்னும் இறங்கியது. "கால் சறுக்கி விழப்போறோம்னு யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. செத்த அன்னிக்கு மட்டும் இதை ஏன் கழட்டி வெச்சுட்டுப் போனான்?"

அவள் தூங்குகிற குழந்தையைப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் ஐயா. சாயங்காலம் வந்து படத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. இதைப் போட்டுகிட்டு அந்தக் காரியத்தைச் செஞ்சா மாதாவை ஏமாத்தின மாதிரி ஆயிரும்னு கழட்டிட்டாரு. மண்டைக்குள்ள ரயிலு ஓடுது ரயிலு ஓடுதுன்னு ராவெல்லாம் அழுவாரு ஐயா. பெத்த பொண்ணையே ஒரு நா யாருன்னு கேட்டாரு."

"ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"சொன்னா? எங்க பெரியப்பா மவன் இப்படித்தான் போனான். கல்லறையில எடம் குடுக்கல. வேலிக்கு அந்தாண்ட முள்ளுக்காட்டுல பொதைச்சாங்க. இவரு கூட வேலை செய்யற பச்சைமுத்து அண்ணன் வந்து, 'சறுக்கி விழுந்தாரு, நான் கண்ணால பார்த்தேன்'னு போலீசுல சொல்லிச்சு. கடவுளே அனுப்பின வார்த்தைன்னு புடிச்சுகிட்டேன்."

 மாணிக்கவாசகம் பிலோமிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். துப்பறியும் நிலையம் தொடங்குமுன் அவர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விசாரணை அதிகாரியாக இருந்தவர். சட்டத்தை அவளுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார்.

"வேலையில பட்ட காயத்தால சாவு வந்தா நஷ்ட ஈடு உண்டும்மா. எங்கே செத்தாங்கறது முக்கியமில்லை. காயத்துக்கும் சாவுக்கும் நடுவுல சங்கிலி அறாம இருக்கணும், அவ்வளவுதான். சறுக்கி விழுந்தான்னா சங்கிலி அறுந்துபோச்சு, அது வேற விபத்து. தலையில பட்ட அடி புத்தியைக் கலைச்சு, அந்தக் கலக்கத்துல உயிரை விட்டான்னா, சங்கிலி முழுசா இருக்கு. பச்சைமுத்து சொன்ன அந்த வார்த்தைதான் கம்பெனியைக் காப்பாத்துது."

பிலோமி நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்போ அவரு தானா செத்தாருன்னு ஆபீசுல சொல்லணுமா?"

"ஆமாம்."

"சொன்னா தோண்டி எடுத்துருவாங்களா?"

அதைச் சாமியாரிடம்தான் கேட்க வேண்டும் என்று மாணிக்கவாசகம் நினைத்துக்கொண்டார்.

"எம்பொண்ணுக்குக் கஞ்சி வேணும் ஐயா. இல்லேன்னு சொல்லல. ஆனா அவரை மண்ணுலேர்ந்து எடுத்துட்டு அந்த எடத்துல கெடைக்கிற கஞ்சி எங்களுக்கு எறங்காது."

"உன் சம்மதம் இல்லாம அந்த வார்த்தை என் வாயிலேர்ந்து வராது," என்று எழுந்தார் அவர்.

வெளியே வந்ததும் ஃபாத்திமா லூனாவை உதைத்தாள். வண்டி கிளம்பவில்லை. மறுபடி உதைத்தாள், வண்டியை உதைப்பதாகத் தெரியவில்லை.

"பாவம் சார், பச்சைமுத்து. நல்லது பண்றேன்னு நினைச்சு இவங்க சோத்துல மண்ணைப் போட்டுட்டான்."

"நல்லது பண்ணணும்னு அவனுக்குத் தோணினது சரி. ஆனா அந்த நல்லது எந்தக் கடையில வாங்கினதுன்னு பார்க்கணும்," என்றார் மாணிக்கவாசகம்.

ஓட்டல் கட்டடத்து வாசலில் காவலாளி வழிமறித்தான். ஃபாத்திமா சமோசாப் பொட்டலத்தை உயர்த்திக் காட்டி, தான் பச்சைமுத்துவின் தங்கை வீராயி என்றும், அண்ணனுக்குச் சோறு கொண்டுவந்திருப்பதாகவும் சுத்தமான தில்லி ஹிந்தியில் அளந்துவிட்டாள். பின்னால் நிற்கிற பெரியவர்? "எங்க மாமா. கல்யாணப் பேச்சு. ஜல்தி விடு பையா, நல்ல நேரம் போயிடும்." காவலாளி விலகிக்கொண்டான்.

பச்சைமுத்து மணல் சலித்துக்கொண்டிருந்தான். இவர்களைப் பார்த்ததும் சல்லடை கையில் அப்படியே நின்றது.

"மைக்கேல் சறுக்கினதைக் கண்ணால பார்த்தியாப்பா?" என்றார் மாணிக்கவாசகம்.

"பார்த்தேங்க."

"பொய்யை எத்தனை நாளா சுமக்கறே? மணலைவிடக் கனமா இருக்குமே."

பச்சைமுத்து பக்கத்தில் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டான். "எனக்காகச் சொல்லலீங்க. செத்தவனுக்காகச் சொன்னேன். தானா செத்தான்னு தெரிஞ்சா அவங்க கோயில்ல பொதைக்க வுடமாட்டாங்கல்ல?"

"உனக்குக் குலதெய்வம் எது?"

"அய்யனாருங்க."

"அய்யனார் கோயில்ல இப்படி ஒரு சட்டம் இருக்கா?"

"ஏதுங்க, நாங்க எரிச்சுத்தான் பழக்கம்."

"அப்போ மாதா கோயில் சட்டம் உனக்கு எப்படித் தெரிஞ்சது? பிலோமி சொன்னாளா?"

"அய்யோ, அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க! சறுக்கித்தான் செத்தான்னு நெனைச்சுகிட்டிருக்கு."

ஃபாத்திமா மாணிக்கவாசகத்தைப் பார்த்தாள். ஒருத்தருக்கொருத்தர் மனம் நோகக் கூடாதென்று இரண்டு ஏழைகள் ஒரே உண்மையைப் பங்கு போட்டு ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

"பின்னே யார்ப்பா உனக்கு இந்த வேதபாடம் நடத்தினது?"

பச்சைமுத்து தலையைக் குனிந்துகொண்டான். "ஆபிரகாம் ஐயாங்க."

ஆபிரகாம் கம்பெனியின் லேபர் ஆபீசர். திருநெல்வேலி பிராட்டஸ்டன்ட் குடும்பம். தமிழ் ஆட்களைக் கட்டி மேய்ப்பதற்கென்றே பஞ்சாபி முதலாளி வைத்திருந்த தமிழர்.

"அன்னிக்கு ரயில் லைன்ல அவன் கெடந்ததைப் பார்த்துட்டு நான் ஓடிப்போயி அவரு ரூம்ல நின்னேன். மூச்சு வாங்குது. பேச்சு வரல. அவரு எந்திரிச்சு, 'மைக்கேலா? ரயில்லயா?'ன்னாரு. அப்புறம் என் கையைப் புடிச்சுகிட்டுக் கண்ணு கலங்குனாரு. 'தற்கொலைன்னா கல்லறையில எடம் கெடைக்காதுடா, சறுக்கி விழுந்தான்னு சொல்லு, உனக்குப் புண்ணியமாப் போவும்'னாரு. நானும் நம்ம ஊர்க்காரரு, எரக்கப்பட்டுச் சொல்றாருன்னு..."

"ஒரு நிமிஷம்," என்றாள் ஃபாத்திமா. "நீ பேசவே இல்லை. அவர் ஆளையும் சொல்லி, ரயிலையும் சொன்னார். லேபர் ஆபீசரா, கிளி ஜோசியரா?"

"ஜோசியர் இல்லை," என்றார் மாணிக்கவாசகம். "மைக்கேல் சாகறதுக்கு முன்னாடி அவர்கிட்டதான் போயிருக்கான். என்ன நடக்கப்போகுதுன்னு சொல்லிட்டே போயிருக்கான். காயம் அவனை எங்கே கொண்டுபோய் நிறுத்திச்சுன்னு கம்பெனிக்கு நல்லாத் தெரியும். அதை மறைக்கத்தான் கல்லறையைக் கேடயமாப் பிடிச்சிருக்காங்க."

பசித்தவன் தட்டிலிருந்து திருடுகிறவனை மாணிக்கவாசகம் பார்த்திருக்கிறார். பிணத்தின் மேலிருந்து திருடுகிறவனையும் பார்த்திருக்கிறார். ஒரு நல்லவனின் இரக்கத்தையே சாவியாக்கி இன்னொரு வீட்டைத் திறந்து திருடுகிறவனை இப்போதுதான் பார்க்கிறார். உதடு தானாகவே 'சிவ சிவ' என்றது. கை முஷ்டியாகவே இருந்தது.

"மூணு மணிக்கு லேபர் ஆபீஸ். வரணும்னு உன்னைக் கட்டாயப்படுத்தலை. உன் வேலை போயிடும்னு எனக்குத் தெரியும்," என்று பச்சைமுத்துவிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

சமோசாப் பொட்டலத்தை ஃபாத்திமா அவன் கையில் வைத்தாள். "பிடிண்ணே. தங்கச்சி கொண்டுவந்ததுன்னு சொல்லிட்டேன். சாப்பிடலேன்னா நான் பொய்க்காரி ஆயிடுவேன்."

மாதா கோயில் வளாகத்தில் ஃபாதர் அருளப்பன் ரோஜாச் செடிகளுக்கு வாளியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எழுபது வயது. தும்பைப்பூத் தலை. பிலோமியை ஆட்டோவில் அழைத்து வந்திருந்தார்கள். அவள் அவரைப் பார்த்ததும் மண்ணிலேயே முழங்கால் போட்டாள்.

"சாமி, நான் மறைச்சுட்டேன். அவரு சறுக்கி விழல சாமி. தானாத்தான்..."

"எந்திரிம்மா. எனக்கு அன்னைக்கே தெரியும்."

பிலோமி நிமிர்ந்தாள். "தெரிஞ்சுமா பொதைச்சீங்க?"

"தெளிஞ்ச புத்தியோட, மனசார, வேணும்னே செய்யறதுக்குத்தான் பாவம்னு பேரு. உம்புருஷன் தலை உடைஞ்சவன். புத்தி கலங்கினவன்மேல திருச்சபை பாவம் சுமத்துறது இல்ல. உங்க ஊருல முள்ளுக்காட்டுல புதைச்சாங்களே, விசாரிக்காமப் பண்ணின தப்பு அது. மைக்கேல் அவன் இடத்துலதான் இருக்கான். அவனை யாரும் எழுப்ப மாட்டாங்க." வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் தன் துண்டை விரித்து, "உக்காரு" என்றார்.

அவள் உட்கார்ந்தாள். அத்தனை நாளும் நெஞ்சில் முட்டிக்கொண்டிருந்தது அப்போதுதான் அழுகையாக வெளியே வந்தது. ஆக, அந்தப் பொய் யாருக்கும் தேவைப்பட்டிருக்கவில்லை. மைக்கேலுக்கு வேண்டியிருக்கவில்லை, மாதா கோயிலுக்கும் வேண்டியிருக்கவில்லை. வேண்டியிருந்தது கம்பெனி ஒன்றுக்குத்தான்.

"ஃபாதர், அவன் புத்தி கலங்கியிருந்ததுன்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டார் மாணிக்கவாசகம்.

ஃபாதர் ஒரு பெயரைச் சொன்னார். அந்தப் பெயரைக் கேட்டு ஃபாத்திமா, கோயில் வளாகம் என்பதையும் மறந்து சீட்டியடித்துவிட்டாள்.

"மூணு மணிக்கு வர முடியுமா ஃபாதர்?"

"வர்றேன். ஆனா டி.டி.சி. பஸ்ஸுலதான் வருவேன். அது என் கையிலயும் இல்ல, ஆண்டவர் கையிலயும் இல்ல."

ஆட்டோ கிளம்பியபோது பிலோமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "சொல்லுங்க ஐயா. அங்க வச்சு எல்லார் காதுலயும் விழறாப்பல சொல்லுங்க."

லேபர் ஆபீஸ் வராந்தாவில் ஆபிரகாம் காத்திருந்தார். வெள்ளைச் சட்டை, தங்க ஃப்ரேம் கண்ணாடி, இதமான முகம். மாணிக்கவாசகத்தின் தோளில் கை வைத்தார்.

"அண்ணாச்சி, ஒரு வார்த்தை. தற்கொலைன்னு நீங்க சாதிச்சா, அந்தப் பொட்டப்புள்ளைய நாளைக்கு எவன் கட்டுவான்? செத்தவன் மானத்தைக் காப்பாத்துங்க. நானும் ஒரு கிறிஸ்தவன், அதனாலதான் சொல்லுதேன்."

மாணிக்கவாசகம் அந்தக் கையைத் தோளிலிருந்து, செத்த பல்லியை எடுக்கிற மாதிரி எடுத்துக் கீழே விட்டார்.

விசாரணை அறையில் மின்விசிறி ஓடியது, காற்று வரவில்லை. கமிஷனர் வயதான சர்தார்ஜி. சலித்துப்போன கண்கள். பேச்சு ஹிந்தியில் நடந்தது. பிலோமிக்காக மாணிக்கவாசகம் பேசவும், ஃபாத்திமா மொழிபெயர்க்கவும் அனுமதி கொடுத்தார்.

ஆபிரகாம் பைபிள்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார்.

"மைக்கேலுக்குப் பட்ட காயம்?" என்று தொடங்கினார் மாணிக்கவாசகம்.

"சின்னக் காயம். ஒரே வாரத்தில் ஆறிவிட்டது."

"அதற்குப் பிறகு உங்களை வந்து பார்த்தானா?"

"ஒருமுறைகூட இல்லை."

"மனக்கலக்கம் எதுவும்?"

"கிடையாது. சிரித்த முகமாகத்தான் இருந்தான். பாவம், கால் சறுக்கிவிட்டது."

அப்போது கதவருகே பச்சைமுத்து வந்து நின்றான். உடம்பெல்லாம் சிமெண்டுத் தூசி. மாணிக்கவாசகத்துக்கு நெஞ்சு நிறைந்தது. அவன் கூண்டில் ஏறி, நடந்ததை நடந்தபடி சொன்னான். சொல்லி முடித்ததும் கம்பெனி வக்கீல் எழுந்தார்.

"போலீஸில் சறுக்கினான் என்றாய். இங்கே தற்கொலை என்கிறாய். இரண்டில் எது பொய்?"

"மொதல்ல போலீசுல சொன்னதுதாங்க பொய்."

"ஆக, நீ பொய் சொல்கிறவன். உட்கார்." வக்கீல் கமிஷனரிடம் திரும்பினார். "ஒரு பொய்யனின் வார்த்தை, ஒரு படித்த அதிகாரியின் சத்தியம். எதை நம்புவது என்பது தங்கள் இஷ்டம்."

கமிஷனர் பேனாவை மூடினார். பிலோமி ஃபாத்திமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றே முக்கால். தில்லி பஸ்ஸை நம்பிய மடமையை மாணிக்கவாசகம் நொந்துகொண்டிருந்தபோது, வாசலில் குடையை மடக்கியபடி, வெள்ளை அங்கி முழுக்கப் புழுதியோடு ஃபாதர் அருளப்பன் உள்ளே வந்தார்.

அவர் இன்னும் வாய் திறக்கவில்லை. நாற்காலியைக்கூடத் தொடவில்லை. ஆபிரகாம் துள்ளி எழுந்தார்.

"ஃபாதர்! நான் உங்ககிட்டச் சொன்னது ரகசியம்! சாமியார்கிட்டச் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது!"

 ஃபாத்திமா மெல்ல, ஒவ்வொரு சொல்லையும் ருசித்து, அதை ஹிந்தியில் கமிஷனருக்குச் சொன்னாள்.

கமிஷனர் பேனாவின் மூடியைத் திரும்பவும் கழற்றினார். "அப்படி என்ன சொன்னீர்கள், மிஸ்டர் ஆபிரகாம்?"



"நான் சொல்றேன்," என்றார் ஃபாதர். "மிஸ்டர் ஆபிரகாம், பாவசங்கீர்த்தனத்துல ஒருத்தன் சொன்னதை என் கழுத்தை அறுத்தாலும் சொல்ல மாட்டேன். ஆனா உங்க சபையில அது கிடையாது. நீங்க முழங்கால் போடலை, பாவமன்னிப்புக் கேட்கலை. என் வீட்டு நாற்காலியில உட்கார்ந்து டீ குடிச்சீங்க. பிஸ்கட்டு நமுத்துப்போச்சுன்னு குறை வேற சொன்னீங்க. எங்க சாமியார்கிட்ட எதைச் சொன்னாலும் பூட்டு விழுந்துடும்னு நினைச்சுட்டீங்க. டீக்குப் பூட்டு இல்ல ஐயா."

பிறகு கமிஷனரைப் பார்த்து அவர் ஹிந்தியிலேயே சொன்னார். அடக்கத்துக்கு முன்பு, சாவைப் பற்றி விசாரிக்கப் போலீஸ் நிலையத்துக்குப் போகலாம் என்று அவர் கிளம்பினாராம். அதற்குள் ஆபிரகாம் வந்தாராம். 'போகாதீர்கள் ஃபாதர். அடிபட்டதிலிருந்து அவன் புத்தி சரியில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை என் ஆபீசுக்கு வந்து அழுதான். சாகப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். புத்தி கெட்டவனுக்குப் பாவமில்லையே, பேசாமல் புதைத்துவிடுங்கள்' என்றாராம்.

"தொழிலாளிக்கு ஒரு கதை, குருவுக்கு ஒரு கதை," என்றார் மாணிக்கவாசகம். அவர் குரல் இப்போது முன்னெப்போதும் இல்லாத அளவு இறங்கியிருந்தது. ஆனால் அறை முழுக்கக் கேட்டது. "பச்சைமுத்துவின் இரக்கத்தைப் பிடித்து ஒரு பொய்யை வாங்கினீர்கள். பிலோமியின் பக்தியைப் பிடித்து அவள் வாயைக் கட்டினீர்கள். உண்மையைச் சொன்னது ஒரே ஒரு இடத்தில்தான். அதுவும் அது வெளியே வராது என்று நினைத்ததால்."

கம்பெனி வக்கீல் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். சாய்கிற பக்கம் நிற்கிறவர் இல்லை அவர்.

"மூன்றாவது தடவை மைக்கேல் வந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார் கமிஷனர்.

ஆபிரகாம் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார்.

"கேட்டைப் பூட்டச் சொன்னேன் சார். மற்ற ஆட்கள் பார்த்தால் வேலை கெடும் என்று முதலாளி..."

"போதும்."

கமிஷனர் ஸ்டெனோவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனார். காயம் வேலையில் ஏற்பட்டது. காயம் புத்தியைக் கலைத்தது. கலைந்த புத்தி உயிரைப் போக்கியது. இடையில் எந்த இடத்திலும் தொடர்பு அறவில்லை. கம்பெனியின் ஆட்சேபம் தள்ளப்படுகிறது. மரணத்துக்குரிய முழு நஷ்ட ஈட்டையும் இந்த அலுவலகத்தில் கட்ட வேண்டும். பச்சைமுத்துவை வேலையிலிருந்து நீக்கினால் அதையும் நானே விசாரிப்பேன். ஃபாத்திமா ஒவ்வொன்றாகப் பிலோமிக்குச் சொன்னாள். தடுமாறித் தடுமாறி, சட்ட வார்த்தைகளை எளிய தமிழாக்கிச் சொன்னாள். எந்த வேடிக்கையும் சேர்க்கவில்லை.

"அந்த அம்மாள் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா?" என்றார் கமிஷனர்.

பிலோமி எழுந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் கமிஷனர் பக்கம் திரும்பவே இல்லை. நேராக ஆபிரகாமுக்கு எதிரே போய் நின்றாள்.

"அன்னிக்கு வெயில்ல அம்மாந் தூரம் நடந்து வந்திருப்பாரே ஐயா. கேட்டைப் பூட்டறதுக்கு முன்னாடி ஒரு வாய் தண்ணியாச்சும் குடுத்தீங்களா?"

ஆபிரகாம் சுவரைப் பார்த்தார். 

"என்ன கேட்டார்?" என்றார் கமிஷனர்.

 ஃபாத்திமா ஒரு வார்த்தையும் மாற்றாமல் அதை ஹிந்தியில் சொன்னாள்.

கமிஷனர் ஆபிரகாமைப் பார்த்துக் காத்திருந்தார்.  பிறகு ஸ்டெனோவிடம் திரும்பினார்.

"கேள்வியை எழுதிக்கொள். சாட்சியிடம் பதில் இல்லை என்பதையும் எழுதிக்கொள்."